அர்பியாவின் இடப்பக்கம்

அர்பியாவுக்கு உடம்புக்கு வந்தது செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவளைக் கேட்டால் அன்றைக்கு வந்தது நோய் இல்லை, திருட்டு என்பாள். பல மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிர்கிஸ் நாட்டுக் கரகோல் ஊரின் சின்னச் சந்தையில் அஷ்லான்-ஃபூ என்ற குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் பெண்கள் ஒரே வரிசையாகக் கடை போட்டிருப்பார்கள். அதில் மூன்றாவது கடை அர்பியாவுடையது. ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக அதே இடம். வலது கைப்பக்கம் நூடுல்ஸ் தட்டும், மாவுக்கூழை உறையவைத்துச் சீவிய வெள்ளைத் துண்டுகளும். இடது கைப்பக்கம் வினிகர் விட்ட குளிர்ந்த குழம்புப் பானை, மிளகாய் பூண்டு விழுது, அடுக்கிய கிண்ணங்கள். கண்ணை மூடிக்கொண்டே ஒரு கிண்ணத்தை நிரப்பிவிடுவாள். இடப்பக்கத்துக் கடை சொலுமாவுடையது. கூரைத் தகரம் போட்ட வருடம் சொலுமாவின் கம்பம் அர்பியாவின் எல்லைக்குள் ஒரு சாண் வந்துவிட்டது. அன்று தொடங்கிய சண்டை பதினாறு வருடமாக ஓயவில்லை. காலையில் பானையை இறக்கி வைத்ததும் ஆளுக்கு நாலு வார்த்தை திட்டிக்கொண்டால்தான் இருவருக்கும் கை ஓடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அர்பியா வந்ததும் திட்டவில்லை. சொலுமா காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே ஆரம்பித்தாள்.

"என்னடி, இன்னைக்கு ஊமை நோன்பா?"

அர்பியா மேசையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அர்பியாவுக்கு அந்த நேரத்தில் பெரிய கவலை வேறு இருந்தது. குழம்புப் பானையைக் காணவில்லை. கிண்ணங்களையும் காணவில்லை. கொஞ்ச நேரம் முன்னால்தான் தன் கையாலேயே வைத்தாள். வலப்பக்கம் துழாவி, தேநீருக்கு வைத்திருந்த கோப்பையை எடுத்து அதில் நூடுல்ஸைப் போட்டு நீட்டினாள். வாங்கின கிர்கிஸ் இளைஞன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"எஜே, குழம்பு எங்க?" என்றான், அக்கா முறை வைத்து.

"யாரோ பானையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கப்பா. பட்டப்பகல்ல."

"எஜே, எனக்கு? நான் முதல்லயே வந்து நிக்கிறேன்," என்றது இன்னொரு குரல். அர்பியா நிமிர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் மூன்று பேர் நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. குரல் மட்டும் மறுபடியும் கேட்டது. ஆள் இல்லாத குரல்.

"ஏய் அர்பியா, கண்ணு அவிஞ்சு போச்சா? பானை உன் முழங்கைகிட்டதான இருக்கு!" என்று சொலுமா கத்தினாள்.

சொலுமாவின் குரல் என்பது அர்பியாவுக்குப் புரிந்தது. திட்ட வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பி, அங்கே கடை போட்டிருந்த ஊறுகாய்க்காரியைப் பார்த்தாள். ஊறுகாய்க்காரி எப்போது சொலுமாவின் குரலில் பேசக் கற்றுக்கொண்டாள்? அப்போது எங்கேயோ ஒரு பானை உருண்டது. காலெல்லாம் சில்லென்று நனைந்தது. வினிகர் வாசனை குப்பென்று அடித்தது.

முதலில் தன்னைக் கேலி செய்கிறாள் என்றுதான் சொலுமா நினைத்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு சண்டைக்கு வந்தவள், அர்பியாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததும் நின்றுவிட்டாள். வாயின் இடது ஓரம் தொங்கியிருந்தது. இடது கை ஈரத்துணி போல் மேசை விளிம்பில் கிடந்தது.

"யா அல்லா!" என்றாள் சொலுமா. பிறகு கறிக்கடைக்காரனைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். "வண்டியை எடுடா! கறியை அப்புறம் வெட்டலாம், எடு!"

வண்டியின் பின்சீட்டில் அர்பியா ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நூடுல்ஸ் திறந்து கிடக்கு. ஈ விழும். என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

*

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. தெளிந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளுக்கு எப்போதுமே தெளிவாகத்தான் இருந்தது. மற்றவர்கள் பேசுவதுதான் ஒன்றும் புரியவில்லை.

முதல் குறை கணவர் யூசுப் மேல். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனிதர். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

"உங்க மாமாவுக்கு என்ன வந்துச்சு?" என்று மருமகள் மர்ஜியாவிடம் கேட்டாள். "நான் செத்தாதான் வருவாராமா?"

மர்ஜியா விழித்தாள். யூசுப் கட்டிலின் இடப்பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

"அர்பியா, இங்கதாம்மா இருக்கேன்," என்றார்.

அவள் காதைத் தீட்டினாள். கண்கள் வலப்பக்க ஜன்னலுக்குப் போயின. "பாரு, வெளியில நின்னு பேசறாரு. உள்ள வரக் கால் வரலை."

நர்ஸ் முக்காலியைத் தூக்கி வலப்பக்கம் போட்டு, யூசுப்பைத் தோளைப் பிடித்து அங்கே உட்காரவைத்தாள்.

"வந்துட்டீங்களா!" என்று அர்பியா முகம் மலர்ந்தாள். "இப்பதான் திட்டிட்டு இருந்தேன்."

யூசுப் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

மூளை டாக்டர் குல்ஸாத் மதியம் வந்தாள். சிறிய உருவம், அவசரமில்லாத பேச்சு.

"எஜே, வலது கையைத் தூக்குங்க. நல்லது. இப்ப இடது கை."

"தூக்கியாச்சு."

"எங்க தூக்கினீங்க?"

"இப்பதாம்மா இறக்கினேன். நீ பாக்கலையா?"

டாக்டர் போர்வையை விலக்கி, செயலற்றுக் கிடந்த இடது கையை எடுத்து மெல்ல அவள் வலப்பக்கமாகக் கொண்டுவந்து கண்ணெதிரே காட்டினாள். "இது யாரோட கை?"

அர்பியா உற்றுப் பார்த்தாள். வீங்கின விரல்கள். நகத்தோரம் மிளகாய்ச் சிவப்பு. தெரிந்த கைதான், ஆனால் தன் கை இல்லை. நெடுநேரம் யோசித்தாள். பிறகு விஷயம் புரிந்துவிட்டது.

"சொலுமாவோடது."

"யாரு சொலுமா?"

"பக்கத்துக் கடைக்காரி. கம்பத்தை எங்க இடத்துல நட்ட மாதிரி இப்பக் கையையும் என் படுக்கையில போட்டுட்டுப் போயிருக்கா. எடுத்துக்கச் சொல்லுங்க. கனம் தாங்கலை."

மர்ஜியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னாள். அர்பியா வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதி, பென்சிலை வைத்தாள்.

"சரியா இருக்கா?" என்று டாக்டர் கேட்டாள்.

"கடிகாரத்துல என்ன சரி, தப்பு? எல்லாம் இருக்குல்ல?"

வராந்தாவில் டாக்டர் யூசுப்பிடம் சொன்னாள். "மூளையோட வலது பக்கத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அதனாலதான் இடது கை, கால் விழுந்தது. ஆனா அதைவிடப் பெருசு வேற ஒண்ணு. கண்ணு நல்லா இருக்கு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவங்க மூளைக்குத் தெரியலை. கை விழுந்ததும் தெரியலை. பொய் சொல்லலை, பிடிவாதமும் இல்லை. கோபப்படாதீங்க."

"எப்பச் சரியாகும்?"

"கொஞ்சம் கொஞ்சமா குறையலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

யூசுப் ஒரு எஞ்சினைத் திறந்து பார்ப்பதுபோல அந்தக் கடிகாரப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எது கெட்டிருக்கிறது என்று கையை வைத்துக் காட்ட அதில் ஒரு திருகாணிகூட இல்லை.

*

வீட்டுக்கு வந்த பிறகு குழப்பம் கூடியதே ஒழியக் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் புதிது. வீட்டிலோ ஒவ்வொரு பொருளும் இருந்த இடம் அவளுக்குத் தெரியும். அவற்றில் பாதி காணவில்லை. அடுப்பு இருந்தது, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி இல்லை. ரஷ்யாவில் வேலை பார்க்கும் மகன் தாவூதின் படம் சுவரில் இருந்தது, அவன் பக்கத்தில் நின்ற மர்ஜியா இல்லை. வீட்டை யாரோ பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு, வெட்டின அடையாளம் தெரியாமல் ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் இடைவெளி என்றும் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடாத விஷயம்.

சாப்பாட்டில் தினமும் சண்டை. தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தள்ளுவாள்.

"கறியெல்லாம் யாருக்கு எடுத்து வைக்கிற? மாமியாருக்கு வெறும் மாவா?"

"தட்டுலதான் இருக்கு மாமி."

"என்னைப் பைத்தியம்னு நினைச்சியா?"

மர்ஜியா தட்டை அரை வட்டம் திருப்புவாள். திடீரென்று கறி முளைக்கும். அர்பியா மருமகளின் கைகளைச் சந்தேகமாகப் பார்ப்பாள். இப்படிக் கறியை மறைத்து வைத்து எடுக்க இவள் எங்கே கற்றாள்?

குணமும் மாறிவிட்டது. முன்பும் கோபக்காரிதான், ஆனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்த கோபம். இப்போது நாக்குக்குக் கதவு இல்லை. நலம் விசாரிக்க வந்த பள்ளிவாசல் இமாமின் மனைவியிடம், "போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு ஆயிட்டியே, உன்னைத் தாங்க நாற்காலி கிடைக்குதா?" என்றாள். இன்னொருத்தி தன் தம்பி இறந்த கதையைச் சொல்லி அழுதபோது இவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. ஏன் சிரித்தோம் என்று தெரியாமல் அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சா?" என்று யூசுப்பைக் கேட்டாள்.

"கை, கால் விழுந்திருக்கும்மா. டாக்டர் சொன்னாங்கல்ல."

"கை நல்லாத்தான் இருக்கு. அதைக் கேக்கலை."

கால் மெல்லப் பிடி கொடுத்தது. நவம்பரில் தடி ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். இடது காலை இழுத்துக்கொண்டு போவாள், கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள், யார் இடித்தது என்று கேட்பாள். கடையை மர்ஜியா நடத்தினாள். தன்னை ஏன் சந்தைக்கு விடமாட்டேன் என்கிறார்கள் என்று அர்பியா பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். சொலுமாதான். கையை இங்கே போட்டுவிட்டு இடத்தை அங்கே பிடிக்கிறாள். வீட்டிலிருப்பவர்களையும் மயக்கிவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, யூசுப் மருந்து வாங்கப் போன சமயத்தில், அர்பியா தடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

சந்தை தூரமில்லை. நேராகப் போய் இரண்டாவது முக்கில் இடது பக்கம் திரும்ப வேண்டும். இருபத்திரண்டு வருடம் போன வழி. பாப்லர் மரங்களுக்கு அடியில் வாய்க்கால் ஓரம் உறைந்திருந்தது. அவள் நடந்தாள். முக்கு வந்தது. தெரு வலப்பக்கம் போனது, அவளும் போனாள். சந்தைக்குப் போகும் தெரு இனிமேல்தான் வரும் என்று நினைத்தாள். அடுத்த முக்கிலும் தெரு வலப்பக்கம்தான் போனது. வேலிகள், மரவீடுகள், நீல ஜன்னல்கள் எல்லாம் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு நீலக் கதவும் அதன்மேல் சாய்ந்த வாதுமைப் பழ மரமும் வந்தன.

எங்க வீட்டுக் கதவு மாதிரியே இருக்கே என்று நினைத்தாள்.

மேலே நடந்தாள். தடி வழுக்கியது. மூச்சு வாங்கியது. மறுபடியும் நீலக் கதவு. அதே மரம். இந்தத் தடவை பயம் வந்தது. ஊரில் எல்லாரும் அவள் வீட்டைப் பார்த்துக் கதவுக்கு நீலம் அடித்து மரமும் நட்டுவிட்டார்களா? சந்தையை எடுத்துவிட்டார்களா? அவ்வளவு பெரிய சந்தையை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? யாரையாவது கேட்கலாம் என்றால், சொந்த ஊரில் சந்தைக்கு வழி கேட்க நாக்கு எழவில்லை.

மூன்றாவது சுற்றில் யாரோ அவள் எதிரே வந்து நின்று வழி மறித்தார்கள். சொலுமா. கையில் போன்.

"எங்கடி ஊர்வலம் போற?"

"கடைக்கு. நீ இங்க என்ன பண்ற? கடை போடலையா?"

"இன்னைக்குக் கூழ் உறையலை."

அவ்வளவு கலக்கத்திலும் அர்பியாவுக்கு உற்சாகம் பிறந்தது. "உனக்கு என்னைக்குத்தான் உறைஞ்சது!"

சொலுமா பதிலுக்குத் திட்டவில்லை. "என் வீட்டு வாசலை மூணு தடவை தாண்டிட்ட. நான் கதவுல நிக்கிறேன். கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்லை."

"பொய். உன் வீட்டுப் பக்கமே நான் வரலை."

சொலுமா வீட்டு வாசல் அந்தத் தெருவின் இடப்பக்கம். முதல் தடவை அர்பியா தாண்டிப் போனபோது வேண்டுமென்றே அவமதிக்கிறாள் என்று நினைத்துக் கதவை அறைந்து சாத்தினாள் சொலுமா. இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. வரிசைக்காரிகளுக்குக் காட்டலாம் என்று போனை எடுத்துப் படம் பிடித்தாள். பிடிக்கப் பிடிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. அதை இப்போது காட்டலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அர்பியா 'பொய், பொய்' என்று தடியால் தரையைத் தட்டினாள்.

"இந்தா, பாரு," என்று போனை அவள் வலது கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

சின்னத் திரையில் ஒரு கிழவி நடந்துகொண்டிருந்தாள். ஒரு செருப்பு இல்லை. வெறும் காலுறையோடு அந்தக் கால் பனித்தரையில் கோடு கிழித்தபடி இழுபட்டது. தோளிலிருந்து ஒரு கை செத்த கோழிபோல் தொங்கி ஆடியது. மேலங்கியின் ஒரு பக்கம் கழன்று மண்ணில் புரண்டது. மின்கம்பத்தில் மோதினாள், மோதினதே தெரியாமல் நடந்தாள். சொலுமாவின் குரல் 'அர்பியா! ஏய் அர்பியா!' என்று கூப்பிட்டது. கிழவி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இது யாரு, பாவம்," என்றாள் அர்பியா.

சொலுமா போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

அந்த மேலங்கி அர்பியாவுக்குத் தெரியும். தாவூத் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்தது. அந்தத் தடியும் தெரியும். அது அவள் வலது கையில்தான் இருந்தது. "மறுபடியும் போடு," என்றாள். சொலுமா போட்டாள். "மறுபடியும்."

நான்காவது தடவை பார்த்த பிறகு அர்பியா தடியைக் கீழே விட்டாள். வலது கையால் தன் வலது தோளைத் தொட்டு, அங்கிருந்து கழுத்தைக் கடந்து மெல்ல நகர்த்தினாள். அங்கே ஒரு தோள் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கை. குளிர்ந்து கிடந்தது.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசமா."

"ஏண்டி யாரும் சொல்லலை?"

"சொன்னாங்கடி, எல்லாரும் தினம் சொன்னாங்க," என்றாள் சொலுமா. தெரு நடுவில் குந்தி உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றி அர்பியாவின் காலில் மாட்டிவிட்டாள்.

*

தெரிந்துகொண்டதால் அர்பியாவுக்கு நிம்மதி வரவில்லை. அதுவரை அழாதவள் டிசம்பர் முழுக்க அழுதாள். அழுகையும் அவள் கட்டுப்பாட்டில் இல்லை; உருளைக்கிழங்கைப் பார்த்தால்கூட வந்தது. தெரிந்தது நிலைக்கவும் இல்லை. களைத்துப்போன சாயங்காலங்களில் கை மறுபடியும் சொலுமாவுடையதாகிவிடும். "அவளுக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க, வேலைக்கு வேணும்ல," என்பாள் கரிசனத்தோடு. காலையில் அதைச் சொன்னால் வெட்கப்படுவாள், அல்லது நம்பமாட்டாள்.

யூசுப் தனக்குத் தெரிந்த வகையில் வேலையில் இறங்கினார். மேசையின் இடது விளிம்பில், கதவின் இடது நிலையில், தடுப்புச் சுவரில் எல்லாம் பஸ்ஸுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டார். "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பு." டாக்டர் கற்றுக்கொடுத்தது அது. அர்பியா திருப்புவாள். சிவப்பு தெரிந்ததும், அதுவரை இல்லாத தண்ணீர்த் தொட்டி வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் திக்கென்றிருக்கும். தலையை நேராக வைத்தால் தொட்டி போய்விடும். போனது தெரியாமல் போய்விடும்.

வசந்தத்தில் டாக்டர் குல்ஸாத்திடம் கேட்டாள். "அம்மா, ஒண்ணு கேக்கறேன். தொட்டி இல்லாதப்ப அது இல்லைன்னு எனக்குத் தெரியலை. எல்லாம் முழுசா இருக்கற மாதிரிதான் இருக்கு. அப்படின்னா இப்ப, இந்த நிமிஷம், எனக்கு எது தெரியலைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

டாக்டர் பேனாவை மூடினாள். "நீங்களாத் தெரிஞ்சுக்க முடியாது, எஜே."

"அப்புறம்?"

"கூட இருக்கறவங்களைக் கேளுங்க. அவங்க சொல்றதை நம்புங்க."

இருபத்திரண்டு வருடம் யாரையும் எதுவும் கேட்காமல் கடை நடத்தியவளுக்கு அது கசப்பு மருந்து. ஆனாலும் மே மாதத்தில் சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். விற்க இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து குழம்பை ருசி பார்த்துச் சொல்வாள். நாக்கு கெடவில்லை, வினிகர் ஒரு சொட்டுக் கூடினாலும் கண்டுபிடிப்பாள். மர்ஜியா மற்றதைச் செய்வாள். வாடிக்கைக்காரர்களுக்கு அவளிடம் பேச வலப்பக்கம் வந்து நிற்கப் பழகிவிட்டது. கம்பச் சண்டை முடிந்ததா என்றால் இல்லை. செருப்பைக் கொடுத்தவள் என்பதற்காக ஒரு சாண் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

ஜூலையில் தாவூத் ரஷ்யாவிலிருந்து வருவதாகச் சொன்னான். போனில்தான் அம்மாவைப் பார்த்திருந்தான், அதிலும் மர்ஜியா வலப்பக்க முகத்தையே காட்டியிருந்தாள். அன்று காலை அர்பியா குளித்து, புது உடுப்புப் போட்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தலை வாரினாள். வாரி முடித்து, பிறகு சந்தேகம் வந்து நிறுத்தினாள்.

"இந்தாங்க, ரெண்டு பக்கமும் வாரிட்டேனா?"

யூசுப் பார்த்தார். "அழகா இருக்க."

"அதைக் கேக்கலை." அவள் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "மர்ஜியா! இங்க வந்து பாரு. உங்க மாமா என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்றாரு."

மர்ஜியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். "இடது பக்கம் அப்படியே சிக்கா இருக்கு மாமி."

"நிறையவா?"

"பாதித் தலை."

அர்பியா கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே நன்றாகத் தலை வாரிய ஒரு பெண், முழுசாக, எந்தக் குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சீப்பை மருமகளிடம் நீட்டினாள்.

"நீ சொன்னா சரிதான். வாரிவிடு. சீக்கிரம், வண்டி வந்துடும்."